கல்லுப்புத் தண்ணீர்

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் வேலை பார்த்த என் மகன், அமெரிக்கா போகும்போது இரண்டு தங்கமீன்களைச் சத்தியவேட்டில் எங்களிடம் விட்டுச் சென்றான். என் மனைவி அவற்றோடு தினமும் பேசுவாள்.

மார்கழிக் குளிரில் மீன்களின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. விலங்கியல் படித்த எனக்கு அது ஒட்டுண்ணி என்று தெரியும். தொட்டிமேல் குண்டு பல்பு எரியவிட்டு நீரை வெதுவெதுப்பாக்கினேன். தினமும் அடித்தண்ணீரை எடுத்துவிட்டுக் கல்லுப்புக் கரைத்த நீரை ஊற்றினேன். புள்ளிகள் மறைந்தன. உதிர்ந்த ஒட்டுண்ணி அடியில் பெருகித் திரும்ப வரும், இன்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும் என்பதும் தெரியும். வாளி தூக்கச் சோம்பல்பட்டு, "சரியாப் போச்சி" என்று நிறுத்திவிட்டேன்.

சில நாளில் இரண்டும் செத்து மிதந்தன. மேலே ஒரு புள்ளியும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் அதே ரவை தூவியதுபோல் வெள்ளையாக இருந்தது.

"இன்னாங்க, நேத்து சோறு போட்டேனே, அத்தத் துன்னுட்டா செத்துச்சி?" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

வேறு மீன் வாங்கச் சொல்லி மகன் போனில் சொல்லும்போதெல்லாம், "வோணாம் நைனா, நான்தான் சோறு போட்டுக் கொன்னுட்டேன்" என்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.