வயிறு வற்றிய முதலாளி

மொத்தக் கடை மஹ்மூத் ஹாஜியாருக்கு நான் இரண்டு லட்சம் ரூபா கடன்பட்டிருந்தேன். மா விலை தலைக்கு மேல் ஏறிய அந்த வருஷம், கண்டி டவுனில் பல சாப்பாட்டுக் கடைகள் கதவைச் சாத்தியபோது, கோதுமை மாவும் எண்ணெயும் தந்து என் அடுப்பை அணையவிடாமல் காத்தவர் அவர். துண்டுக் காகிதத்தில்கூட எழுதிக்கொள்ளவில்லை. பொன்னையா என்கிற என் வாய்ச்சொல் அவருக்குப் போதும். தீபாவளிக்குள் தருவதாகப் பேச்சு.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, எச்சில் கோப்பை கழுவ டவுனுக்கு வந்தவன் நான். இன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் கடைத் தோசைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. இதை யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை.

கடை வளர்ந்தது, கூடவே வயிறும் வளர்ந்தது. அதில் எனக்குப் பெருமைதான். முதலாளி ஒட்டிய வயிற்றோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தால் எவன் நம்பிச் சாப்பிட வருவான்? வடை பொரியும்போது ருசி பார்க்க இரண்டு, கடை சாத்தும்போது மிஞ்சிய பரோட்டா, நாள் முழுக்கச் சீனி தூக்கலாகத் தேநீர். பக்கத்துத் தெருவுக்கும் வேன்.

ஒரு நாள் மாடிப்படியில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் கஜாலினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நாடா பிடித்து என் இடுப்பை அளந்தார்.

"ஐயா, இந்த வயிறு முழுக்க உங்கட இதயத்துக்குத்தான் பாரம். பிரஷரும் கூட. நான் எழுதித் தாற குளிசையை விடாதேங்கோ. முதல்லை ஏத்தம் இல்லாத ரோட்டிலை மெல்ல நடவுங்கோ."

"வயிறு போனா யாவாரம் போயிருமேம்மா!"

பக்கத்தில் நின்ற என் மனைவி இராசமணி விடுவாளா? "ஒங்க வயித்த பாக்கவா ஆளு வருது? எஞ் சாம்பாருக்கு வருது!" டொக்டர் சிரித்த சிரிப்பில் அடுத்த நோயாளியும் எட்டிப் பார்த்தார்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். வாவியோரம் நடந்தேன். முதலில் பாதி வழியிலேயே பெஞ்சைத் தேடின கால், பிறகு முழுச் சுற்றும் போனது. டொக்டர் சரி என்றதும் ஏற்றத்திலும் ஏறினேன். இரவில் பரோட்டா போய் அவித்த கடலை வந்தது. தேநீரில் சீனி நின்றது. சட்டை எல்லாம் தொளதொளத்தன. கண்ணாடியில் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டவுன் வேறு மாதிரிப் பார்த்தது. ஒரு காலை மா மூடை வரவில்லை, ஹாஜியார்தான் வந்தார்.

"என்ன முதலாளி, ஆள் பாதியாப் போயிட்டீங்க? வேனயும் வித்துட்டீங்களாமே? கடனால சோறு எறங்குதில்ல எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க. இனி மா அனுப்ப வேணாம் எண்டு எங்கட மகன் நிக்கிறான்."

"ஹாஜியார், வேன் பின்னால நிக்குது. சோறு நல்லா எறங்குது, நாந்தான் கொஞ்சமா எறக்குறேன். நெஞ்சுக்காக."

"நெஞ்சுல வருத்தமா? அல்லாஹ்வே!" அவர் முகம் இன்னும் இருண்டது.

வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன். நெஞ்சு நோயாளியை நம்பி எவன் கடனுக்கு மா தருவான்? மா நின்றால் கடை நிற்கும். அதைவிட, இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போய்விடும்.

"ஞாயித்துக்கெழம வீட்டுல இருங்க. வர்றேன்," என்றேன்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. ஆனாலும் பாங்கில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தேன்.

"இவ்வளவு காசோட நடக்காதீங்க, வேன்ல போங்க," என்றாள் இராசமணி.

"வேன்ல போனா காசு மட்டுந்தான் போய்ச் சேரும்."

ஹாஜியார் வீடு அம்பிட்டிய மலையில், ஏற்றம் முடிகிற இடத்தில். டவுனிலிருந்து நிதானமாக நடந்தேன். ஓர் இடத்திலும் உட்காரவில்லை.

அவர் கேட்டைத் திறந்து ரோட்டைப் பார்த்தார். "ஆட்டோவ எங்க நிப்பாட்டினீங்க?"

"நடந்துதான் வந்தேன்."

"பொய்! இந்த ஏத்தத்தயா? நான் வாசல்ல இருந்து கேட்டுக்கு வரவே களைச்சுப் போறேன்." என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "நாளைக்கு மா வரும் முதலாளி. அத விடுங்க. என்னயும் வாவிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"டொக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, கூட்டிப் போறேன். இப்ப கைய நீட்டுங்க."

விரித்த அவர் கையில் ஐயாயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தேன். ஒன்றிலிருந்து நாற்பது வரை, எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில், நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்க நிற்காமல் எண்ணி முடித்தேன்.