பச்சைக்குள் இருந்த நீலம்

முப்பத்தெட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் டிரம்ஸ்காரரின் இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு போனது. பாட்டுக்குழுவில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆறு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் முன்னால் மனைவி அடியில் கம்பிச்சரம் கட்டிய ஒரு பழைய ஸ்னேர் டிரம்மையும் திருப்புளியையும் வைத்து, சிலேட்டில் எழுதினாள்: "காதுதானே போச்சு? இது எந்த வருஷத்துதுன்னு கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அன்று கழற்ற உட்கார்ந்தவர்தான். திருகின் தலை, கம்பிச்சரத்தை இறுக்கும் நெம்புகோலின் வளைவு, பேட்ஜின் எழுத்து, உள்ளே மங்கிக் கிடக்கும் முத்திரை என்று ஒவ்வொன்றையும் படித்துப் படித்து, பத்து வருடத்தில் பழைய டிரம்களுக்கு ஜாதகம் கணிக்கிறவர் என்று பேரெடுத்துவிட்டார். 'அவ புண்ணியம்' என்பார், யார் பாராட்டினாலும்.

ஒருநாள் ஓர் அண்ணனும் தங்கையும் காலமான அப்பாவின் டிரம்மோடு வந்து, ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். அவர்கள் பேசப் பேச மனைவி எழுதிக் காட்டினாள்.

"அப்பாவோடது மினுமினுன்னு நீலம். இது பச்சை. இருபது வருஷம் இவ வீட்டுலதான் இருந்துது. எங்கயோ மாத்திட்டா," என்றார் அண்ணன்.

"துணியால துடைச்சதைத் தவிர நான் இதை ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் தங்கை.

டிரம்ஸ்காரர் டிரம்மைச் சுற்றித் தடவினார். புதிதாகப் போட்ட துளை எதுவும் இல்லை. திருகைத் தாங்கும் உலோகக் கூடு ஒன்றைக் கழற்றினார். அதன் அடியில், ஒரு விரல் அளவுக்கு, நேற்று ஒட்டியதுபோல் மின்னியது நீலம்.

"நீலத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. அது வெயில் பட்டு மஞ்சளாயிடுச்சு. நீலத்து மேல மஞ்சள் ஏறினா பச்சைதானே? கூடு மூடின இடம் மட்டும் தப்பிச்சுது," என்றவர், தோலைக் கழற்றி உள்ளே விளக்கடித்தார். "முத்திரை அறுபத்தாறு."

"நான் பொறந்த வருஷம்," என்றார் அண்ணன் மெல்ல. "நான் பொறந்த கையோட வாங்கினதுன்னு அப்பா சொல்வாரு." நீலத்தின் மேல் கட்டைவிரலை வைத்தவர் எடுக்கவில்லை. "வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்மா."

"பேசினா பேசிட்டுப் போ. திரும்பிப் போறப்ப இதை நீதான் தூக்கணும்."

தேநீர் வந்தது. அண்ணனும் தங்கையும் அப்பாவைப் பற்றி ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசியதில், மனைவி எழுதி மாளாமல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மனம் நிறைந்து உட்கார்ந்திருந்தார்.