அம்மாவுக்கென்று ஓர் ஆசனம்

எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் இப்போது எனக்குக் குமட்டுகிறது. மன்னார்குடியில் அந்த யோகா சிகிச்சை மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது மூக்கில் ஏறிவிடும். உள்ளே போனால் வெந்நீரில் ஏதோ வேரைப் போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருக்கும். அதை எல்லோரும் கண்ணை மூடி ரசித்துக் குடிப்பார்கள். மையத்தை நடத்தியவர் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதைப் போலத்தான் யாரிடமும் பேசுவார். அவர் 'உங்களுக்கே உங்களுக்கான சிகிச்சை' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

அங்கே நான் போனது அம்மாவின் முதுகுக்காக. இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். இடது கால் அடிக்கடி மரத்துப்போகும். குனியவே கூடாது, தெரிந்த ஆளிடம் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள், காலில் பலம் குறைந்தால் ஆபரேஷன்தான் என்றார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்ற சொல்லே ஆகாது. பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தி மட்டும் வேணாம்டி, வேற என்ன சொன்னாலும் செய்யறேன்" என்றாள். இந்த ஊர்ப் பக்கத்து வயல்களில் குனிந்து குனிந்துதான் என்னை பேங்க் வேலை வரைக்கும் கொண்டுவந்தவள். அந்தக் காலைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

முதல் நாள் விசாரணை வெகுநேரம் நடந்தது. எந்தச் சுவை பிடிக்கும், கனவில் தண்ணீர் வருமா, கோபம் வந்தால் வயிறு எரியுமா, தலை எரியுமா என்றெல்லாம் மையக்காரர் கேட்டார். அம்மா பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கடைசியில் கேட்டார். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அம்மா சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். "விவசாயத்தைவிடப் பெரிய யோகா எதுங்க இருக்கு" என்றார். அந்தக் கும்பிடைப் பார்த்து எனக்குத் துப்பிவிடலாம் போல இருந்தது. சேற்றில் கால் அழுகி, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போதும் லீவு கிடைக்காமல் நட்டவளிடம் போய் யோகாவாம். ஸ்கேன் படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். படத்தில் தெரிவது எலும்புதான், நான் ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. ஆரம்பத்தில் தரையில் மல்லாக்கப் படுத்து, கெண்டைக்காலை நாற்காலியில் தூக்கி வைத்து மூச்சு விடச் சொன்னார். அதற்கு வலி கேட்டது. ரொம்ப நாள் கழித்து அம்மா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அதனால்தான் தொடர்ந்து அனுப்பினேன்.

அப்புறம் ஒருநாள் எல்லோரையும் நின்றபடியே குனியச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களின் கை முழங்காலோடு நின்றுவிட்டது. அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளும் தரையில் பட்டனவாம். அன்றோடு அந்தக் குனியும் உத்தானாசனம் அம்மாவின் ஆசனம் ஆகிவிட்டது. நான் நேரில் போய், டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறாரே என்று கேட்டேன். உடம்புக்குப் பழகியதைத்தான் கொடுக்க வேண்டும், தனிப்பட்ட சிகிச்சை என்றால் அதுதான் என்று எனக்கே பாடம் எடுத்தார். பக்கத்துப் பாயில் இருந்த ரிட்டயர்டு அதிகாரி ஒருவர், தங்கள் வீட்டு நிலத்தில் நட்ட பெண்களுக்கு இடுப்பு வலி என்று தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கேள்விப்பட்டிருக்க மாட்டார். வயலில் யார் போய் அவரிடம் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

எனக்கு எரிச்சல் அவர்கள் மேல் மட்டும் இல்லை. இந்தக் கூத்து அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. போகிற நாளில் துவைத்து மடித்த புடவை, தலையில் பூ. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். "படிச்சவங்க யாருக்கும் வரலடி. எனக்குத்தான் வந்துச்சு" என்றாள் ஒருநாள். வாழ்நாள் முழுக்க அவள் குனிந்ததை அதுவரை ஒருத்தரும் பாராட்டியதில்லை. போகாதே என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அன்று பேங்கில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சீக்கிரமே கிளம்பி, அம்மாவை அழைத்துவர நேரே மையத்துக்குப் போனேன். கூடத்தில் எல்லோரும் கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். அம்மா ஒருத்தி மட்டும் நடுவில் குனிந்து நின்றாள். உள்ளங்கை தரையில். இடது கால் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி எழுந்து உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மையக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கோவிலில் நிற்பவர் மாதிரி நின்றார். எல்லோரும் எப்போதோ முடித்துவிட்டார்கள், அம்மா மட்டும் எழவில்லை, என்ன ஒரு ஈடுபாடு என்று என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

நான் அம்மாவிடம் போய்க் குந்தி உட்கார்ந்தேன். முகத்தில் ரத்தம் இறங்கிக் கண் சிவந்திருந்தது. கால் இப்படி நடுங்குகிறதே, ஏன் நிமிரவில்லை என்று கேட்டேன்.

"இன்னும் நிமிரச் சொல்லலியே" என்றாள்.

நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும்போது ஒருத்தி தன் இஷ்டத்துக்கு முதுகை நிமிர்த்திவிட முடியாது. ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கெடும். வரப்பில் குடை பிடித்து நின்று வேலை வாங்கும் பண்ணைக் காரியக்காரர் அவள் பிறப்பையே இழுத்துத் திட்டுவார். அவர் எப்போது 'நிமிருங்கடி' என்கிறாரோ அப்போது எல்லா முதுகும் ஒன்றாக எழும். பள்ளிக்கூட லீவில் சோறு கொண்டுபோய் வரப்பில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

மையக்காரர் பதறிப்போனார். எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுந்துகொள்ளலாம் என்றுதான் சொன்னேன் என்றார். சொல்லித்தான் இருப்பார். அத்தனை கேள்வி கேட்ட மனிதருக்கு, அப்படித் தோன்றுவதற்கே அனுமதி இல்லாத ஒரு உடம்பு இருக்கும் என்று தெரியவில்லை. வீடியோவை நிறுத்தச் சொன்னேன். அதிகாரி நிறுத்தவில்லை.

அம்மாவின் தோளைத் தொட்டு, போதும்மா, எழுந்திரு என்று மெல்லச் சொன்னேன். அவள் அசையவில்லை. "அவரு சொல்லட்டும். நல்லா செய்யறேன்னாரு" என்றாள். கால் இன்னும் மோசமாக உதறியது. மறுபடி கெஞ்சினேன். அப்போதும் அசையவில்லை.

எழுந்து நின்று, என் அம்மாவைப் பார்த்து, "நிமிருடி" என்று கத்தினேன்.

அம்மா உடனே நிமிர்ந்தாள்.