சித்தப்பாவின் மேளப்பெட்டி

சித்தப்பா எஸ்பியர்க் நகரில் கலைந்துபோன ஒரு டெனிஷ் இசைக்குழுவிடமிருந்து பழைய ட்ரம் மெஷின் ஒன்றை வாங்கிவந்தபோது, அம்மா அதைத் தட்டச்சு மெஷின் என்றே நினைத்தார். சாம்பல் நிறப் பெட்டி, மேலே வரிசையாகப் பொத்தான்கள். எந்தச் சத்தத்தையும் ஓரிரு நொடி பிடித்து வைத்துக்கொண்டு, பொத்தானைத் தட்டினால் அதையே திருப்பித் திருப்பிக் கொடுக்கும்.

டென்மார்க்கில், பிராண்டே என்ற சிற்றூரில் எங்கள் வீட்டு மேலறையில் சித்தப்பா இருந்தார், சித்தி யாழ்ப்பாணத்தில். குடும்பங்களை அழைக்கத் தமிழர் கொடுத்த விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் ஆண்டுக்கணக்காக அசையாமல் கிடந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. 'விசா இன்னும் வரேல்லை' என்று பெரியவர்கள் சொல்வதை, 'பஸ் இன்னும் வரேல்லை' என்பதைப் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையால் வந்து சாப்பிட்டதும் சித்தப்பா மேலே போய்விடுவார். நான் நித்திரையாகும்வரை டும் டும் என்று கேட்கும். இப்படியொரு மேளப் பைத்தியத்தை நான் கண்டதில்லை.

அப்பாவோடு வேலை செய்த அண்ணை ஒருவருக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் தவில் வாசிக்க ஆளில்லை. கெட்டிமேளம் தன் பொறுப்பு என்றார் சித்தப்பா. மெஷினுக்குள் இருந்ததோ வெள்ளைக்காரரின் மேளம். ஆகவே தவிலுக்குப் பதில் அம்மாவின் சோற்றுப்பானை. நான் அகப்பைக்காம்பால் அடிக்க, சித்தப்பா மைக்கைப் பிடித்தார். அம்மா ஓடிவந்தார்.

"கீழ வை! சோறு வடிக்கிற பானையெல்லே!"

"அண்ணி, இது பதியுது."

"பதியட்டும்!"

பிறகு அம்மா போனதும், அடுத்த பொத்தானில் பானையை ஒழுங்காகப் பதிந்தோம்.

கல்யாணம் ஒரு பள்ளிக்கூட ஜிம் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை தாலியை உயர்த்தினார். ஐயர் விரலை ஆட்டினார். சித்தப்பா பொத்தானைத் தட்டினார்.

"கீழ வை! கீழ வை! கீழ வை!"

அம்மாவின் குரல் மண்டபம் அதிர ஒலித்தது. தாளம் மட்டும் இம்மியும் பிசகவில்லை. அது தனக்கென்று நினைத்த மாப்பிள்ளை, தாலியை மெல்லத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆரது கலியாணத்தைக் குழப்புறது?" என்று பெண்ணின் தகப்பன் எழும்பினார். நேரம் தப்பப்போகிறது என்று ஐயர் பதறினார். சித்தப்பா அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அமுக்க, அம்மாவின் குரலோடு டெனிஷ் மேளமும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் அம்மாவே எழுந்து நின்றார். "தம்பி, நீர் கட்டும்! அது நானில்லை, மெஷின்!"

இரண்டு குரலில் எதை நம்புவதென்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. மணப்பெண்தான் தாலியை எடுத்து அவர் கையில் வைத்து, "கட்டுங்கோ" என்றாள். 'கீழ வை'க்கு நடுவே தாலி ஏறியது. தகப்பன்கூடச் சிரித்துவிட்டார்.

அதன்பின் எந்தக் கொண்டாட்டத்திலும் பெடியள், "அண்ணை, அந்தக் 'கீழ வை'யைப் போடுங்கோ!" என்று சித்தப்பாவை விடமாட்டார்கள். பக்கத்துவீட்டு டெனிஷ் பையன்கள் பொருள் தெரியாமலே அதற்கு ஆடினார்கள். குரலை வெட்டி மேளமாக்கும் பாட்டு உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கத்தில் அதன் முதல் பாடகி என் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

ஒருவழியாகச் சித்திக்கு விசா வந்தது. அவர் வந்த பிறகு மேலறையில் மாலை முழுவதும் கதையும் சிரிப்பும்தான். சித்தப்பா மெஷினைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார், அதன்பின் தொடவேயில்லை. சித்திக்கு மேளம் பிடிக்காது, அவர்தான் தடுத்துவிட்டார் என்று நானே முடிவுகட்டி, கனகாலம் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன்.