இருக்கிறதைக் கேட்கச் சொன்ன பரமக்கா

காலையில் கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறந்து பருப்புச் சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவரும் தம்பி வாசலில் வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தான். வழக்கமாக ஹோர்ன் அடித்து ஊரையே எழுப்புகிறவன். "அக்கா, மனேச்சர் அக்கா வவுனியா ஆஸ்பத்திரியிலை செத்துப் போயிட்டாவாம்" என்றான். நான் அவிழ்த்த சாக்கைத் திரும்பக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

உருத்திரபுரத்திலும் அயலிலும் எங்கள் கூட்டுறவுக் கடையில் சீனியும் மாவும் வாங்கிய உங்களுக்குப் பரமேஸ்வரியை, எங்கள் பரமக்காவை, நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. கிளை முகாமையாளராக அவர் இருந்த காலம் முழுவதும் நான் அவருக்குக் கீழே விற்பனையாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மனுசி கடைக்கு வருவார். தராசுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து என் வேலையில் பிழை பிடிப்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது அந்தக் கதிரையில் யாராவது சாமானை வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் சனம் இடம்பெயரப் பெயர எங்கள் சங்கமும் கூடவே பெயர்ந்தது. தறப்பாளுக்குக் கீழே நிவாரணம் கொடுத்தோம். ஒரு நாள் மா மட்டும்தான் இருந்தது. வரிசையில் வந்த ஒரு பெரியவர் குழந்தைக்குப் பால்மா கேட்டார். இல்லை என்றதும் நியாயம் கதைக்கத் தொடங்கினார். பின்னால் சனம் நெருக்கியது. பரமக்கா அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார். பெரியவர் கோபம் ஆறிப் பையை நீட்டியபோது மாவும் முடிந்துவிட்டது. வெறும் பையோடு அவர் திரும்பிப் போனது பரமக்காவின் மனத்தில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வரிசைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார்: "இருக்கிறதைக் கேளுங்கோ. இல்லாததைக் கேட்டு நிண்டால் இருக்கிறதும் போயிடும்." அந்தச் சொல் பலரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் யுத்தம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அது அவரை விட்டுப் போகவில்லை.

அவருக்கு மிஞ்சியது ஒரே மகள், கஜந்தினி. புருசன் யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில் செத்துப்போனார். கஜந்தினி உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். பெறுபேறு வந்த அன்று கடையில் வெல்லத் துண்டு கொடுத்துக் கொண்டாடினோம். ஒரு ஏ, இரண்டு பி. மாவட்டத்தில் நல்ல இடம். ஆனால் முந்தைய ஆண்டு மருத்துவத்துக்கு எடுபட்ட கடைசிப் புள்ளியான வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே. மூன்றாம் நாளே ஆளுக்கொரு புத்தி சொல்லத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இன்னொரு தரம் பரீட்சை எடுக்கச் சொன்னார்கள். வேறு சிலர் கிடைக்கிற படிப்புக்குப் போகச் சொன்னார்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விரும்பும் படிப்புகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த வேண்டும். கடை பூட்டிய பிறகு தாயும் மகளும் அங்கேயே இருந்து அதைத் தயாரித்தார்கள். கஜந்தினி மருத்துவத்தை முதலாவதாக எழுதினாள். பரமக்கா அதை வெட்டச் சொன்னார். "வராததை முதல் போட்டு உன்ரை இடத்தைப் பழுதாக்காதை. உயிரியல் விஞ்ஞானம் கட்டாயம் வரும், அதை முதல் போடு. மற்றது ரெண்டாவதாய்க் கிடக்கட்டும்" என்றார். முதல் கேட்டது இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். கூட நின்ற எங்களுக்கும் அது பிழை என்று தெரியாது. பிள்ளை தான் எழுதியதை வெட்டினாள். பிறகு மாற்றி எழுதினாள்.

அந்த ஆண்டு வெட்டுப்புள்ளி குறைந்தது. புள்ளியில் கஜந்தினிக்குப் பின்னால் நின்ற ஒரு பிள்ளைக்கு மருத்துவம் கிடைத்தது. கஜந்தினிக்கு அவள் முதலாவதாகக் கேட்ட உயிரியல் விஞ்ஞானம் கிடைத்தது. பாடசாலையிலிருந்து சாமான் வாங்க வந்த ஓர் ஆசிரியைதான் விளக்கினார்: முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் தானாகவே இரண்டாவதைப் பார்ப்பார்கள், கேட்டதற்காக யாரையும் பின்னுக்குத் தள்ளமாட்டார்கள். "அப்ப கேட்டிருந்தால் ஒண்டும் குறைஞ்சிருக்காதோ?" என்று பரமக்கா கேட்டார். ஆசிரியை இல்லை என்றார். பரமக்கா அரிசி மூட்டையில் அப்படியே இருந்துவிட்டார். இன்னொரு தரம் பரீட்சை எடுத்துப் பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தோம். தனக்கு இதுவே போதும் என்று சொல்லிவிட்டு அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு பெறுபேற்றுக் காலத்தில் எங்கள் கடைக்கு வந்த எவரும் பரமக்காவிடம் தப்பியதில்லை. சீனி கேட்டால் சீனிக்கு முன் புத்திமதி வரும். "விருப்பத்தை முதல் போடுங்கோ. வராட்டி அது தன்பாட்டிலை கீழை இறங்கும். நான் என்ரை பிள்ளைக்குச் செய்த அநியாயத்தை நீங்களும் செய்யாதேங்கோ." மனேச்சர் அக்காவின் ரியூஷன் என்று இளசுகள் பகிடி பண்ணும். அவருக்குக் கவலையில்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கும் சொன்னார்.

மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் விடுமுறைக்கு வந்தால் கறியைப் பற்றிக் கதைப்பார்கள், மழையைப் பற்றிக் கதைப்பார்கள். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன், அவளிடம் இதைச் சொன்னீர்களா என்று. பரமக்கா நெடுநேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். "சொன்னால் அவள் 'பரவாயில்லை அம்மா' எண்டுவாள். அதைக் கேக்கிற தைரியம் எனக்கில்லைப் பிள்ளை."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று ஊர்ப் பெண்கள் நாங்கள் பரமக்கா வீட்டுக் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். கஜந்தினி இப்போது முல்லைத்தீவில் உயிரியல் ஆசிரியை. என் பக்கத்தில் வந்து குந்தினாள். "அக்கா, அம்மா என்னிலை மனவருத்தத்தோடையே போனவா? நான் டொக்டராகேல்லை எண்டு? அந்தக் கதை எடுத்தாலே எழும்பிப் போயிடுவா."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை வருசம் இந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது இதுவா? நான் வாய் திறப்பதற்குள் எதிரே இருந்த ஒருத்தி, தன் மகன் விண்ணப்பம் போட்டபோது பரமக்கா தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். அடுத்தவள் தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். அடுப்படியில் நின்றவள் திரும்பித் தானும் கேட்டதாகச் சொன்னாள். எல்லோருக்கும் அந்த வசனம் அப்படியே பாடமாக இருந்தது: என்ரை பிள்ளைக்குச் செய்த அநியாயம்.

கஜந்தினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "என்னட்டை ஒருக்கால் சொல்லியிருந்தால், 'பரவாயில்லை அம்மா' எண்டு சொல்லியிருப்பனே" என்றாள்.

இரண்டாம் தடவையும் பரமக்கா அதே பிழையைத்தான் விட்டார். சொல்லச் சுலபமானவர்களிடமெல்லாம் முதலில் சொன்னார். சொல்ல விரும்பியவளைக் கடைசியில் வைத்தார். வரிசை அவளிடம் வரும்போது அவர் முடிந்துபோனார். அவருடைய கதிரையைச் சங்கம் எடுத்துப்போகட்டும், எனக்கு வேண்டாம். அவருடைய புத்திமதியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். இந்த வருசம் என் மகளுக்கும் பெறுபேறு வந்திருக்கிறது. விருப்பத்தை முதல் போடச் சொல்லிவிட்டு, அவளிடம் சொல்லப் பயந்து நான் தள்ளிவைத்திருந்த இன்னொன்றையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.