மூன்று நிமிடம் அழலாம்

"டர்ர்ர்ர்..." என்று பட்டறை அறையிலிருந்து சத்தம் கேட்டது. அதன் மேலேயே கலகலவென்று ஏதோ குலுங்கியது.

பல்லக்கா பாதி எழுந்துவிட்டாள். வார்த்த பிளாஸ்டருக்குள் காற்றுக் குமிழ் நிற்காதபடி குலுக்கிவிடும் வைப்ரேட்டர் அது. ஆனால் இப்போது அதன் மேல் குலுங்குவது பல் அச்சு இல்லை, ஏதோ தகர டின். மகள் கைவரிசையைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"உக்காரும்மா," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த டைம்கீப்பர். "பதினாறாவது வழி. குழந்தை சத்தம் போட்டா ஓடக் கூடாது. ஓடினா, சத்தம் போட்டாத்தான் அம்மா வருவாங்கன்னு அது கத்துக்கும்."

"இல்ல மாமா, அது மெஷினு..."

"மெஷின் பக்கத்துல என் பொண்ணு இருக்கா. அவ பாத்துக்குவா."

பல்லக்கா உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததற்காகப் பிறகு தன்னையே எத்தனையோ முறை காறித் துப்பிக்கொண்டாள். ஆனால் அந்த நிமிடம் உட்காரத்தான் செய்தாள். வந்திருந்தவர் கணவனின் அண்ணன். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக, வாசல் ஓரத்தில் ஒரு பை தயாராக நின்றது. அதில் அவளுடைய ஆறு வயது மகளின் உடுப்புகள் இருந்தன.

பத்து வருடமாக வீட்டிலேயே பல்செட் செய்து கொடுக்கிறாள் பல்லக்கா. ஊரிலுள்ள பாதி பல் டாக்டர்கள் அச்சை அவளிடம்தான் அனுப்புவார்கள். அந்தத் தெருவில் முறைத்துக்கொண்டு திரிகிற பெரியவர்களில் பலரும் முறைக்கும்போது கடிப்பது அவள் தேய்த்துக் கொடுத்த பற்களைத்தான். கணவனுக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. வருடத்தில் பத்து மாதம் போன் குரலாகத்தான் வீட்டில் இருப்பான்.

மகளுக்குத் தெரு வைத்த பெயர் வெடி. சென்ற மாதம் வெடி ஒரு முழு பல்செட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வகுப்பு டீச்சரின் மேசை இழுப்பறைக்குள் சிரித்தபடி இருக்குமாறு வைத்துவிட்டாள். டீச்சர் போட்ட அலறலில் மூன்று வகுப்புகள் வெளியே ஓடிவந்தன. பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. விஷயம் கப்பல் வரைக்கும் போனது. கப்பலிலிருந்து நேற்றுத் தீர்ப்பு வந்தது.

"அண்ணன் வருவாரு. பொண்ண அவர் வீட்டுக்கு அனுப்பு. ரெண்டு வருஷம் அங்க இருந்தா ஆளாயிடுவா."

"ரெண்டு வருஷமா?"

"அண்ணன் பொண்ணப் பாத்தேல்ல? அப்படி ஆக வேணாமா நம்ம பொண்ணு?"

அவள் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்"மைத்தான் விடிய விடிய மென்றுகொண்டிருந்தாள்.

டைம்கீப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் பஸ் டிப்போ வாசலில், கம்பிவலை அடித்த ஒரு கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும் பஸ்ஸின் நம்பரையும் நேரத்தையும் எழுதுவார், வெளியே போகும் பஸ்ஸுக்கும் அதையே செய்வார். அவர் எழுதியதால் ஒரு பஸ்ஸாவது நேரத்துக்கு வந்ததாக யாரும் கண்டதில்லை. ஆனால் தான் எழுதுவதால்தான் சக்கரம் சுற்றுகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் செய்ததாக நினைத்துக்கொள்ளும் ஆசாமிகள் எல்லா டிப்போவிலும் உண்டு. அவர்களை அங்கேயே விட்டுவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. இவருக்குப் பெண் பிறந்ததுதான் வினையாகப் போயிற்று.

தொட்டிலுக்கு மேலே கடிகாரம் மாட்டினார். பால் குடிக்கப் பதினைந்து நிமிடம். கொஞ்சுவதற்குப் பத்து நிமிடம், அதுவும் சாயங்காலம் மட்டும். பெண்ணுக்கு ஐந்து வயதானபோது தன் ஞானத்தையெல்லாம் திரட்டி 'நற்குழந்தைக்கு நாற்பது வழிகள்' என்று எழுதி, டிப்போ மெஷினிலேயே நகல் எடுத்து, ஓரத்தில் பின் அடித்து விநியோகம் செய்தார். லீவு வேண்டிய கண்டக்டர்கள் வாங்கிப் புகழ்ந்தார்கள். ஷிப்ட் மாற்ற வேண்டிய டிரைவர்கள் இரண்டு பிரதி கேட்டு வாங்கினார்கள். அத்தனையும் தன் அறிவுக்கு விழுந்த மாலை என்றே அந்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி ஒரு காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவள். இப்போது சிரிப்பு வந்தால் முதலில் கணவன் முகத்தைப் பார்க்கிறாள். ஒன்பது வயது மகளோ, கல்யாண வீட்டில் நாற்காலியில் வைத்தால் வைத்த இடத்தில் இருப்பாள், மடியில் கை, தரையில் கண். "தங்கம், தங்கம்" என்று உறவுக்காரர்கள் உருகுவார்கள். பேச வேண்டுமானால் அந்தத் தங்கம் கையைத் தூக்க வேண்டும், அப்பா தலையசைத்தால்தான் வாய் திறக்கலாம். அழுவதற்கும் கணக்கு உண்டு. ஒன்பதாவது வழியின்படி மூன்று நிமிடம் அழலாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார், மூன்று முடிந்ததும் பெண் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். பொம்மைக் கடையில் வாங்கின பொம்மைகூட அமுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம் போடும்.

இந்த வீட்டுக்குத்தான் வெடி போக வேண்டும், இரண்டு வருடம்.

பட்டறையில் வைப்ரேட்டர் நின்றது. அப்புறம் சத்தமே இல்லை.

"பாத்தியா?" டைம்கீப்பரின் முகம் மலர்ந்தது. "நீ ஓடியிருந்தா சண்ட, அழுக, பஞ்சாயத்து. என் பொண்ணு ஒரு வார்த்த பேசாம அடக்கிட்டா. பதினேழாவது வழி..."

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று வழிகள் நீண்டன. கால்மணி நேரம் போயிருக்கும். வெடி ஓடிவந்தாள், முகமெல்லாம் வெள்ளை மாவு.

"அம்மா! அக்கா..."

"ஷ்!" டைம்கீப்பர் ஒரு விரலை நீட்டினார். "பெரியவங்க பேசும்போது என்ன செய்யணும்? கையத் தூக்கு. சுவரோரம் நில்லு. ஆறு வயசு, ஆறு நிமிஷம்."

வெடி அம்மாவைப் பார்த்தாள். காலையில்தான் பல்லக்கா அவளைக் கெஞ்சியிருந்தாள். 'இன்னிக்கு ஒரு நாள் பெரியப்பா சொல்றதக் கேளுடி, என் மானத்த வாங்காதே' என்று. வெடி கையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆனால் கால் நிற்கவில்லை. தரையில் நெருப்பைக் கொட்டினாற்போல மாறி மாறிக் குதித்தாள்.

"அவசரமா வந்தா பாத்ரூம் போ. இல்லன்னா ஆடாம நில்லு. இருபதாவது வழி..."

அப்போதுதான் டைம்கீப்பரின் மகள் நிலைப்படியில் வந்து நின்றாள். இடது கையை நேராகத் தூக்கியிருந்தாள். அப்பா அதைப் பார்த்தார், 'இரு' என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினார், இருபதிலிருந்து இருபத்தொன்றுக்குப் போனார். பெண் காத்து நின்றது. உதடு இறுக மூடியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கோடு கோடாக இறங்கியது.

பல்லக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் வலது தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு கையில?"

பெண் அப்பாவைப் பார்த்தது. அப்பா தலையசைக்கவில்லை.

பல்லக்கா ஒரே எட்டில் போய்ப் பெண்ணைத் திருப்பினாள். பழைய பால்பவுடர் டின். அதற்குள், மணிக்கட்டு வரைக்கும் அந்தப் பிஞ்சுக் கை. கையைச் சுற்றி விளிம்பு வரை பிளாஸ்டர், கல்லாக இறுகிப் போயிருந்தது. டின்னைத் தொட்டாள். தொட்ட விரலை உடனே எடுத்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடு கிளம்பும். கொஞ்சமாக வார்த்தால் வெதுவெதுப்பு. ஒரு டின் நிறைய வார்த்தால் அடுப்புதான்.

"ஐயோ! எவ்வளவு நேரமாடி சுடுது?"

"முன்னாடியே சித்தி," என்றாள் பெண் மெதுவாக. "அப்பா பேசிட்டிருந்தாங்க."

பல்லக்கா அவளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். தகரம் வெட்டும் கத்தரியால் டின்னை மேலிருந்து கீழ்வரை வெட்டி உரித்தாள். பிறகு பிளாஸ்டர் குறடு. பிளாஸ்டருக்குள் புதைந்த பல்செட்டை ஒரு பல்லில்கூடக் கீறல் விழாமல் உடைத்தெடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஓரத்தைக் கடித்துக் கடித்து எடுத்தாள். கட்டைவிரல் பக்கம் பிளந்தது. அப்புறம் உள்ளங்கை. கடைசியில் ஐந்து விரல்களும் சிவந்து, மணிக்கட்டில் இரண்டு கொப்புளங்களோடு வெளியே வந்தன. குழாயைத் திறந்து தண்ணீருக்கடியில் பிடித்தாள்.

பெண் இன்னும் அழவில்லை. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டது.

"அழு அக்கா," என்றாள் வெடி பக்கத்தில் நின்று. அவள் கன்னத்தில் மாவும் கண்ணீரும் குழம்பாகியிருந்தன. "வாயத் தொறந்து அழு. நான் அப்படித்தான் அழுவேன். கொஞ்சம் நல்லா இருக்கும்."

பெண் பல்லக்காவை நிமிர்ந்து பார்த்தது.

"எவ்வளவு நேரம் அழலாம் சித்தி?"

பல்லக்கா அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். "முடியிற வரைக்கும் அழுடி என் ராசாத்தி," என்றாள். "உனக்கு எப்ப முடியுதோ அது வரைக்கும்."

அந்தப் பெண் அழுதது. ஒன்பது வருடத்து அழுகை. முதலில் கீச்சென்று ஆரம்பித்து, பிறகு வீடு அதிரும்படி அழுதது. குழாயடியில் மூன்று பேரும் நனைந்தார்கள்.

வாசற்படியில் டைம்கீப்பர் நின்றார். முகம் வெளிறியிருந்தது. என்ன செய்வது என்று தெரியாத மனிதர், தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் ஆச்சும்மா," என்றார் மகளிடம்.

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். பூச்சி விழுந்த பிளாஸ்டர் கலவையைக் கொட்டுவதற்கு முன் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கூடத்துல போய் இருங்க மாமா."

அவர் போனார். இருபது நிமிடம் கையைத் தண்ணீரில் பிடித்திருந்து, துவைத்த துணியைத் தளர்வாகச் சுற்றினாள் பல்லக்கா. நடுவில் ஒரு கையால் போனை எடுத்து, பெண்ணின் அம்மாவான ஓர்ப்படிக்குச் சொன்னாள். வழக்கமாக எதற்கும் 'அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்' என்கிற அந்தப் பெண்மணி இம்முறை, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள். "நான் கெளம்பிட்டேன்," என்று போனை வைத்தாள்.

கூடத்துக்கு வந்தபோது டைம்கீப்பர் தெளிந்திருந்தார். இந்த ஜாதி மனிதர்கள் தெளிவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

"ஒம்பது வருஷத்துல ஒரு சின்னக் காயம் கிடையாது என் பொண்ணுக்கு. இங்க வந்து ஒரு மணி நேரம், பாத்தியா? இதுக்குப் பேருதான் சேர்க்கை. இருபத்தெட்டாவது வழியில எழுதியிருக்கேன். யாரு கைய விடச் சொன்னா?"

"நான்தான் பெரியப்பா," என்றாள் வெடி. ஒளியவில்லை, மறைக்கவில்லை. "கை பொம்ம செய்யலாம்னு நான்தான் சொன்னேன். அக்கா முன்னாடி செஞ்சதே இல்லியாம். அப்புறம் சுடுதுன்னு சொல்ல வந்தேன். நீங்கதான் கையத் தூக்கச் சொன்னீங்க."

"கேட்டியாம்மா, எதிர்த்துப் பேசுறத? இன்னிக்கே கூட்டிட்டுப் போனாத்தான் ஆச்சு. எங்க அந்தப் பை?"

"அவ வரல மாமா."

"என்னது?"

"என் பொண்ண அனுப்பல."

"தம்பி சொல்லிட்டான்."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். மெஷினக் கேக்காம தொட்டதுக்கும், மாவக் கொட்டினதுக்கும் இவளுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். பட்டறைய இவதான் கழுவப் போறா, நான் பக்கத்துல நிப்பேன். அதுக்கு ரெண்டு வருஷம் வேணாம்."

"பத்து வருஷத்துல உன் தலை மேல ஏறி உக்காருவா!"

"உக்காந்தா எறங்குடின்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. சுட்டா சுடுதுன்னு சொல்ல அவளுக்கு வாய் இருக்கு. உங்க நாப்பது வழியில அது ஒண்ணு இல்லயே மாமா?"

டைம்கீப்பர் நாற்பதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"தம்பிகிட்ட உன் வாயப் பத்தியும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பொண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க. தெரு முனையில இருக்காரு. அக்காவும் அங்கதான் வந்துட்டிருக்காங்க. நானும் வரேன்."

"யாரும் வர வேணாம். என் பொண்ண எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

பல்லக்கா பெண்ணின் கன்னத்தைத் துடைத்து, "அம்மா அங்க இருப்பாங்க, நேரா போ," என்று மட்டும் சொன்னாள்.

டைம்கீப்பர் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, மேலே இன்னொரு முடிச்சு, அளவாக, நிதானமாக. அதற்குள் பெண் படியிறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கியிருந்தது, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விசும்பிக்கொண்டே.

"நில்லு," என்றார்.

பெண் நிற்கவில்லை.

"நில்லுன்னு சொல்றேன்ல?"

அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடை ஓட்டமாயிற்று. ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்தபடி, வாழ்க்கையில் எந்தப் பஸ்ஸுக்கும் ஓடியிராத அந்த மனிதர் அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

பல்லக்கா கதவைச் சாத்தினாள்.