தார்ப்பாய் போர்த்திய பைக்

எங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒரு பைக் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. அது என் மகனுடைய பைக். என் வீட்டுக்காரர் தார்ப்பாயின் மேல் வைக்கோலைப் பரப்பி, முன்னால் உடைந்த தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, எங்கள் வீட்டு மாட்டுக்கே சந்தேகம் வராதபடி அதை மறைத்து வைத்திருந்தார். அந்தப் பைக்கை யாரும் தேடவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மறைப்பதில் இவருக்கு ஈடு கிடையாது. சானமாவுக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் டிராக்டரை ஃபைனான்ஸில் எடுக்காதவர்கள் குறைவு. தக்காளி விலை விழுந்து தவணை நின்றுபோனால் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்க வருவார்கள். அவர்கள் ஊருக்குள் தலைகாட்டும் முன்பே டிராக்டர் யாராவது ஒருவருடைய கொட்டகைக்குள் போய்விடும். வண்டியும் இல்லை, ஆளும் ஊரில் இல்லை என்று தெருவே சொல்லும். யானை இறங்கும் நேரம் என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொன்னால் வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த காய் விற்றதும் இவரே போய் எங்கள் வண்டிப் பாக்கியைக் கட்டிவிட்டு வருவார். ஏமாற்றுவதில்லையாம், கொஞ்சம் காலம் வாங்குவதாம். வண்டி கண்ணில் படாவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் இவருக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

மகன் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்டிராக்டில் இருந்தான். காண்டிராக்டை நிறுத்திவிட்டார்கள். அதை எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்கிறான். ஒரு கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டு. அது எங்கே போய் நிற்கும் என்று கேன்டீனில் காய் நறுக்கும் எனக்கே தெரியும், பொறியியல் டிப்ளமோ படித்தவனுக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். நான் திட்டினேன். இவர் திட்டவில்லை. எழுந்து போய்த் தார்ப்பாயைத் தேடினார்.

பைக்கை மறைத்த கையோடு மகனையும் மறைத்தார். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் டீக்கடை வைத்திருக்கும் தன் தங்கச்சி வீட்டில் அவனைக் கொண்டுபோய் விட்டார். அவன் செல்போன் சிம்மைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வங்கிக்காக வசூல் செய்கிறவர்கள் தமிழில் கேட்டால் தமிழில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் இல்லை என்பார். ஒரு தடவை அவர்களில் ஒருவன் எனக்குப் போன் செய்து, பையனின் மாமா பேசுகிறேன் என்று சொல்லி அவன் இருக்கும் இடத்தைக் கேட்டுப் பார்த்தான். அன்றைக்கு இவர் எங்கள் இருவருடைய சிம்மையும் கழற்றிவிட்டு, தங்கச்சிக்கு நேரில் போய் உத்தரவு போட்டார். "இப்ப குரலக்கூட அப்படியே எடுத்துப் பேசறாங்களாம். நானே பேசினாலும் நம்பாத. அவன் இங்க இல்லன்னே சொல்லு." தபால்காரர் ரிஜிஸ்டர் தபாலோடு வந்தபோதும் அதே பதில்தான். அவர் திரும்பிப் போனதும், ஜெயித்த மாதிரி காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் இடையில் ஒருநாள் மகனைப் பார்க்கப் போனேன். கடைக்குப் பின்னால் சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்யவில்லை. வாசலில் யார் வண்டியை நிறுத்தினாலும் உடம்பு ஒடுங்கியது. இல்லை, இல்லை என்று நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அவனும் இல்லாதவன் மாதிரியே ஆகிவிட்டிருந்தான். அத்தை போனிலிருந்து மனுப்போட்ட ஒரு கம்பெனியில் நிரந்தர வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும் என்பதைக்கூட ரகசியம் போலச் சொன்னான். எனக்குப் பயம் வந்தது. பணத்தை நினைத்து வந்த பயமில்லை. இவன் இப்படியே ஒருநாள் எங்காவது போய்விடுவான் என்ற பயம்.

ஒரு சாயங்காலம் வயலிலிருந்து வந்தபோது வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. சம்மன் கொடுக்கும் கோர்ட் அமீனா வந்து, பையன் ஊரில் இல்லை என்று தெருவில் சொன்னதும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். வங்கி போட்ட வழக்கு, மறுநாளே தேதி. இவர் அதை நகத்தால் சுரண்டப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு இருவரும் பஸ்ஸில் ஓசூர் போனோம். பைக்கை வெளியே எடுக்க இவருக்கு மனசில்லை. கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலம்மா, இளம் வயசு, நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "டிராக்டர மறைக்கலாங்க. ஆள மறைச்சா கேஸ் நின்னுடாது. ஆள் இல்லாமலே அவருக்கு எதிரா முடிஞ்சிரும். அப்புறம் அவர் சேரப்போற கம்பெனிக்கே சம்பளத்தப் பிடிக்கச் சொல்லி ஆர்டர் போகும்." அந்தப் பைக் அவன் ரொக்கம் கொடுத்து வாங்கியது, கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். இவர் ஜாமீன் கையெழுத்து போடாததால் இவர் வாங்கிய நிலத்துக்கும் ஒன்றுமில்லை என்றார். மகன் வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கே அவர் என்றார்.

வக்கீலம்மாவின் போனிலிருந்தே இவர் தங்கச்சியைக் கூப்பிட்டார். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள்.

"நான்தான் அண்ணன் பேசறேன். அவன்கிட்டக் குடு."

"எங்கண்ணன் பேசினாலும் நம்பக்கூடாதுன்னு எங்கண்ணனே சொல்லியிருக்காரு" என்று வைத்துவிட்டாள். நான் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் இன்னும் உஷாரானாள். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குருபரப்பள்ளி வழியாகப் போகும் கிருஷ்ணகிரி பஸ் பிடிக்க ஓடினார். இவர் ஓடி நான் பார்த்ததில்லை.

கோர்ட் வராண்டாவில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். யாரும் போகாவிட்டால் அடுத்த பெயர். என் மகன் பெயரும் அவன் அப்பா பெயரும் சேர்ந்து உரக்கக் கேட்டபோது எழுந்து வாசலுக்குப் போனேன். உள்ளே வக்கீலம்மா எழுந்து ஏதோ சொன்னார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் உள்ளே போனேன். நீதிபதியும் ஒரு பெண்தான். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பையன் எங்கம்மா?" என்று கேட்டார்.

எத்தனையோ மாதமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய். அது அங்கேயும் அந்தப் பதிலைத்தான் எடுக்கப் பார்த்தது. "இருக்கான்மா" என்றேன். "குருபரப்பள்ளில அவன் அத்தை வீட்ல இருக்கான். அவங்கப்பா கூட்டிட்டு வரப் போயிருக்காரு. வந்துட்டு இருக்கான்." ஊரறிய அவன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே, அழுகை மாதிரி ஒரு நிம்மதியும் வந்தது. மத்தியானம் மறுபடி கூப்பிடச் சொல்லி நீதிபதி வழக்கை ஒதுக்கிவைத்தார்.

பஸ்ஸுக்குக் காத்திராமல் அப்பாவும் மகனும் காய்கறி ஏற்றிய பிக்கப்பில் வந்து இறங்கினார்கள். மகன் சட்டையெல்லாம் கோஸ் இலை. மத்தியானம் அவன் பெயரைக் கூப்பிட்டபோது, அவனே போய்க் கைகட்டி நின்று "ஆஜர்" என்றான். சத்தம் சின்னதுதான். பின்னால் நின்ற எங்கள் இருவருக்கும் கேட்டது.

பிறகு மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தவணை போட்டார்கள். மகன் அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது, இன்னும் முடியவில்லை. பைக்கை வெளியே எடுத்தபோது எலி ஒயரையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தது. ஃபைனான்ஸ்காரன்கூட இவ்வளவு சேதம் பண்ணியிருக்க மாட்டான் என்று சொல்லிக்காட்டினேன். இவர் காதில் விழாத மாதிரி மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

போன வாரம் மகன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். தெரு முனையில் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டது. கொட்டகையில் இருந்த இவர், சட்டென்று கொடியில் கிடந்த நீலத் தார்ப்பாயை இழுத்துப் பைக்கின் மேல் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வண்டியை நிறுத்தி, "ரிஜிஸ்டர் ஒன்னு இருக்கு, பையன் இருக்கானா?" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை உருவி, நிதானமாக மடித்து ஓரமாக வைத்தார்.

"இருக்கான். உள்ளதான் தூங்கறான். உக்காருங்க, எழுப்பறேன்."